எதிராளிக்கு எழுதிய பக்கம்

தெருவில் அவருக்குத் தத்துவ வாத்தியார் என்று பெயர். பாதிரியாராகப் போகிறவர்கள் படிக்கும் குருமடக் கல்லூரியில் முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறவர். அரசாங்கம் மனிதனுக்காகத்தான் என்று அவர் எழுதிய தடித்த புத்தகம்தான் அங்கே பாடநூல். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறவர், மூக்குக்கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டு மனைவியிடம் தினமும் திட்டு வாங்குவார்; அது வேறு கதை.

அந்தப் புத்தகம் லேசில் அச்சேறவில்லை. விசுவாசத்துக்கு விரோதமாக எதுவும் இல்லை என்று ஆயர் நியமித்த ஒருவர் படித்து எழுதித் தர வேண்டும். அன்றைக்கு அந்தப் பொறுப்பில் இருந்தவர் அதே கல்லூரியில் எதிர் அறைப் பேராசிரியர். தொழிலாளி வேலைநிறுத்தம் செய்யலாம் என்ற அத்தியாயம் பிடிக்காமல், கையெழுத்துப் பிரதியை நாலு வருடம் கிடப்பில் போட்டார். அதில் இன்னது தப்பு என்று ஒன்றையும் எடுத்துச் சொல்லவில்லை. என்ன மனுஷனோ!

இப்போது அந்தப் பொறுப்பு வாத்தியாருக்கு வந்திருந்தது. எதிர் அறைக்காரரின் புதுப் புத்தகமும் படிக்க வந்தது. வாத்தியாரின் அதே அத்தியாயத்தைத் தப்பென்று அதில் பிரித்து மேய்ந்திருந்தார். அது வெளிவந்தால் கல்லூரியில் பாடநூல் மாறும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"நீங்களும் நாலு வருஷம் போடுங்க கிடப்புல," என்றாள் மனைவி.

பதினோரு நாளில் படித்து முடித்தார். விசுவாசத்துக்கு விரோதமாக ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்தது. அதைவிடப் பெரிய எரிச்சல், தன்னை மடக்கக்கூடிய கேள்வியை மனுஷர் விட்டுவிட்டாரே என்பது. மருத்துவமனையில் வேலைநிறுத்தம் நடந்தால் நோயாளியின் கதி என்ன? வாத்தியாரையே வருடக்கணக்காகக் குடைந்த கேள்வி அது. அதை ஒரு பக்கம் எழுதி, இதையும் சேர்த்தால் உங்கள் வாதம் பலப்படும் என்று முடித்து, அனுமதிக் கடிதத்தோடு தட்டச்சு செய்ய மனைவியிடம் கொடுத்தார்.

அடித்த கடிதம் மட்டும் திரும்பி வந்தது.

"அந்தப் பக்கத்தை நான் அடிக்க மாட்டேன்," என்றாள். "உங்க புத்தகத்தை முழுசா மூணு தடவை அடிச்ச கை இது. நாலு வருஷம் நானும்தான் காத்துக்கிட்டிருந்தேன். அவருக்கு இதைத் தூக்கிக் குடுக்கறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. பாதிக்கப்படுகிறவரைக் கேட்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியவர் அவர்.

"கேக்கல. தப்புதான்," என்றார். "இப்ப கேக்கறேன். நீ வேண்டாம்னா கடிதம் மட்டும் போகட்டும்."

அவள் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

"நிஜமாவே உங்ககிட்ட இதுக்குப் பதில் இல்லையா?"

"இல்ல."

இயந்திரத்தில் தாளைச் செருகினாள். "அடிச்சுத் தரேன். சந்தோஷமா அடிச்சேன்னு மட்டும் நெனைக்காதீங்க."