மட்கார்டுக்குள் ஒரு கை

முதலில் மன்னித்துவிடுங்கள். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே ஊர்க்காரர்கள்தான், யார் யாரென்று தெரியாது. ‘வாழைப்பழம்’ என்று எழுத வேண்டிய இடம் வந்தால் ‘மாங்காய்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன். இதில் எங்காவது மாங்காய் வந்தால் வாழைப்பழம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பருத்திக்கு மருந்தடிக்கிற கைப்பம்பு மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டு போவார்களே, அது கெட்டுப்போனால் சரிசெய்து கொடுப்பது என் தொழில். திருச்சுழியைச் சுற்றி உள்ள காடுகளுக்கெல்லாம் போவேன். காடு என்றால் மரம் நிற்கிற காடு இல்லை, எங்களுக்குப் புஞ்சைதான் காடு. அங்கே ரோடு கிடையாது. மாட்டு வண்டித் தடம் இருக்கும், அதுவும் பாதியில் முடிந்துபோகும். எனக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது.

கரிசலில் வண்டி ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மழை பெய்தால் அந்த மண் களியாகிவிடும். சக்கரம் சுற்றச் சுற்ற, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டே போகும். ஒரு பர்லாங்கு தாண்டுவதற்குள் சக்கரம் நின்றுவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவன் எல்லாம் மண்ணைக் குத்தி எடுக்க ஒரு கருவேலங்குச்சி வைத்திருப்பான். பெட்ரோல் இல்லாமல்கூடக் கிளம்புவான், குச்சி இல்லாமல் கிளம்ப மாட்டான்.

எண்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம், எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு நானும் என் மனைவியும் போனோம். குறுக்கு வழி என்று காட்டுக்குள் விட்டேன். மழை பிடித்துக்கொண்டது. ஏழு இடத்தில் சக்கரம் நின்றது. முன்சக்கரத்தை நான் குத்த, பின்சக்கரத்தை அவள் குத்த, பட்டுச்சேலையோடு அவள் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எட்டாவது இடத்தில் வண்டி நிற்கவில்லை, விழுந்தது. எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“இந்தாங்க, கல்யாணத்துக்கு வந்தவ மாதிரியா இருக்கேன்? கெணறு வெட்ட வந்தவ மாதிரி இருக்கேன். இனிமே இந்த வண்டியில ஏறுனா ஏன்னு கேளுங்க.”

ஏறவில்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் அவள் பஸ்ஸில் போவாள். எனக்கு பஸ்ஸில் வாந்தி வரும், அதனால் நான் வண்டியில் பின்னாலேயே போவேன். அவள் கடைசி சீட்டில் உட்கார்ந்து பின்பக்கக் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பாள். நான் புழுதியைத் தின்றுகொண்டே அவளைப் பார்ப்பேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நானும் நிற்பேன். ஒரு நாள் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கேட்டார்: “என்ன மாப்ள, பஸ்ஸுக்குக் காவலா?”

இதில் எனக்கு என்ன நஷ்டம் என்று சொல்லிவிடுகிறேன். நான் கூச்ச சுபாவம் உள்ளவன். எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி குடும்பம் எல்லாம் சேர்ந்து பதினோரு பேர். அத்தனை பேர் நடுவில் மனைவியோடு உட்கார்ந்து பேச எனக்கு வாய் வராது. தனியாக இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். வண்டியில் போகும்போது மட்டும் பேசுவேன். அவள் பின்னால் இருப்பாள், நான் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பேன், சத்தம் வேறு இருக்கும். அவள் ஏறாமல் போனதும் எங்களுக்குள் பேச்சு ‘சோறு’, ‘தண்ணி’, ‘வாரேன்’ என்று மூன்று வார்த்தைக்கு வந்துவிட்டது. இப்படியே நாலு வருஷம். அவள் ஏறுகிற மாதிரி ஒரு வண்டி பார்த்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

அருப்புக்கோட்டையில் மெக்கானிக் ஒருவன் என் கூடப் படித்தவன். அவனிடம் போனேன்.

“ஏலே, காட்டுல போறதுன்னா டூ ஸ்ட்ரோக்கே பாரு. வெயிட்டு இருக்காது, விழுந்தாலும் தூக்கிரலாம்” என்றான்.

விழுகிற பேச்சே வேண்டாம் என்றேன். ஆனால் டூ ஸ்ட்ரோக் என்றது எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் ஸ்ட்ரோக் என்றால் உதை என்றுதான் நான் அப்போது நினைத்திருந்தேன். ரெண்டு உதையில் கிளம்பினால் டூ ஸ்ட்ரோக், நாலு உதையில் கிளம்பினால் ஃபோர் ஸ்ட்ரோக். என் வண்டி பதினோரு உதை வாங்கும். அந்தக் கணக்கில் அது என்ன ஸ்ட்ரோக் என்று யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

மெக்கானிக் முதலில் பாலவனத்தத்தில் ஒரு வண்டியைக் காட்டினான். ஒரு பெரியவருடையது. போர்வை போட்டு மூடி வைத்திருந்தார். பின்னால் சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க நல்ல கம்பிக் கார்டு, கால் வைக்கத் தகடு, மெத்தென்ற சீட்டு. என் மனைவிக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஆனால் மண் அடைக்குமா? அதைப் பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. கையை மூடி டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விடுவேன். மூடிய கை போய்வந்தால் அந்த வண்டி கரிசலுக்கு ஆகும்.

விட்டேன். போனது. வரவில்லை.

இழுத்தேன், திருப்பினேன், விரலை விரிக்கப் பார்த்தேன். பெரியவர் வண்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கை மாட்டிக்கொண்டது என்று சொல்லக் கூச்சம். குத்தவைத்த மேனிக்கே தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

“தம்பி ரொம்ப நேரமா சக்கரத்தையே பாக்குறாப்லயே” என்றார் பெரியவர்.

“அவன் நல்லாப் பாப்பான்” என்றான் மெக்கானிக்.

“உள்ள வாங்க, காப்பி ஆறுது.”

“இல்லைங்கய்யா, நான் இங்கனயே குடிச்சுக்கிறேன்.”

இடது கையால் காப்பி குடித்தேன். பாதிக் காப்பியில்தான் மெக்கானிக்குக்குப் புரிந்தது. அவன் சிரித்த சிரிப்பில் அந்தத் தெருவே வந்துவிட்டது. பெரியவர் வீட்டு அம்மா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார்கள். எல்லாரும் பார்க்க, பிள்ளை பெறுகிற மாதிரி என் கை வெளியே வந்தது. அந்த வண்டியை எடுக்கவில்லை. இரண்டு வருஷம் பாலவனத்தம் வழியாகவும் போகவில்லை.

அடுத்த வண்டி மெக்கானிக் பட்டறையிலேயே நின்றது. மதுரைப் பக்கம் யாரோ பந்தயத்துக்கென்று மாற்றிக் கட்டியது. முன் மட்கார்டு டயரை விட்டு ஒரு முழம் மேலே, பெருமாள் கோயில் குடை மாதிரி நின்றது. சைலன்சரைத் தூக்கி சீட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கை என்ன, ஓர் ஆட்டுக்குட்டியே புகுந்து வரலாம். ஆனால் சீட்டு என் இடுப்புக்கு மேலே இருந்தது. சேலைக் கார்டு இல்லை.

மண்ணுக்கு ஆகிற வண்டி மனைவிக்கு ஆகாது, மனைவிக்கு ஆகிற வண்டி மண்ணுக்கு ஆகாது. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, “ரெண்டு ஒதையில கெளம்புமா?” என்றேன்.

மெக்கானிக் உதைத்தான். ஒன்று, இரண்டு. கிளம்பவில்லை. மூன்றாவதில் கிளம்பியது.

“அப்ப இது த்ரீ ஸ்ட்ரோக்கு” என்றேன், வருத்தமாக.

பட்டறையில் ஸ்பேனர் விழுகிற சத்தம் கேட்டது. மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏலே, நீ எடு எடுக்காமப் போ, இன்னிக்கு இத வீட்டுக்குக் கொண்டுபோயித் தங்கச்சிகிட்டக் காட்டு. எனக்குச் சிரிச்சு வயிறு வலிக்குது, எங்கிட்டாவது போ” என்றான்.

கொண்டுபோனேன். என் மனைவி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். “இதுக்குப் பொம்பளைக ஏறணும்னா ஏணி குடுப்பாங்களா?” என்றாள். அவள் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது, இன்னும் எத்தனை வருஷம் பஸ் பின்னால் போவது? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வாசலில் கிடந்த உரல் மேல் ஏறினாள். அங்கிருந்து சீட்டுக்கு ஏறினாள். முந்தானையை இழுத்து மடியில் சொருகிக்கொண்டாள்.

“கம்மாக்கரை வரைக்கும். அதுக்கு மேல போனா குதிச்சிருவேன்.”

பங்குனி மாதம், மண் காய்ந்து கிடந்தது. பருத்தி எடுக்கிற நேரம். சைலன்சர் போட்ட சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. கருவேலஞ்செடிக்கு மேலே எங்கள் தலை தெரிந்தது. அந்தச் சத்தம் தந்த தைரியத்தில், நாலு வருஷமாக வாயில் வைத்திருந்ததைக் கத்திச் சொல்ல ஆரம்பித்தேன்:

“ஒன்னய பஸ்ஸுக் கண்ணாடியில பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு! நீ பின்னால இல்லாம வண்டி ஓட்டவே...”

அந்த இடத்தில் எஞ்சின் நின்றது. மெக்கானிக் ஆயிலை அதிகமாக ஊற்றியிருக்கிறான், பிளக் அடைத்துக்கொண்டது.

“...புடிக்கல!” என்று நான் கத்தியது மட்டும் காடு முழுக்கக் கேட்டது.

பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் நிமிர்ந்தார்கள்.

“அண்ணே, இங்கிட்டுச் சரியாக் கேக்கல, இன்னொரு தடவ சொல்லுங்க!” என்றாள் ஒருத்தி.

“ஏலா சும்மா இரு, அவுகளே வெக்கப்பட்டு நிக்காக.”

“அக்கா, எறங்கி வாங்க, வேப்பமர நெழல்ல ஒக்காருங்க. அண்ணன் வண்டியச் சரிபண்ணட்டும்.”

என் மனைவி கீழே குனிந்து பார்த்தாள். “எறங்கிட்டா இங்கன ஏற ஒரலுக்கு எங்க போக? நான் எறங்கல” என்றாள்.

உதைத்துப் பார்த்தேன், கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்ற என்னிடம் ஸ்பேனரும் இல்லை. அவளை மேலே வைத்துக்கொண்டே தள்ள ஆரம்பித்தேன். சப்பரத்தில் சாமி போகிற மாதிரி அவள் நேராக உட்கார்ந்திருந்தாள். பெண்கள் குலவை போட்டார்கள். கம்மாக்கரையும் தாண்டிப் போயிற்று, அவள் குதிக்கவில்லை.

ஆள் சத்தம் ஓய்ந்த பிறகு மேலேயிருந்து கேட்டாள்: “பாதியில நிறுத்திட்டீகளே, மிச்சத்தச் சொல்லுங்க.”

சத்தம் இல்லை. காற்றுகூட இல்லை. நான் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். முதலில் மூச்சு வாங்கியது, அப்புறம் வார்த்தை வந்தது. அவளும் பதில் சொன்னாள். அதையெல்லாம் இதில் எழுத மாட்டேன். திருச்சுழி ரோடு வரும்வரை தள்ளிக்கொண்டே பேசினோம்.

ரோட்டில் ஏறியதும், “என்ன, இந்த வண்டியத் திருப்பிக் குடுத்துரவா?” என்றேன்.

“வேணாம், இதையே எடுங்க” என்றாள். “ஓடலைன்னாலும் நல்லா இருக்கு.”

எழுதியது: 1999 ஆகஸ்ட் 8, ஞாயிற்றுக்கிழமை.