ஈரத்தை விரட்டப் போய்...

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். வாரா வாரம் பத்திரிகையில் இந்த இடத்தை அடைத்துக்கொள்வதே அதிகம். அதிலும் வீட்டு ஈரத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் அந்த ஈரத்தை விரட்டப் போய், என் நாத்தனார் செல்லக்கனியைப் பறிகொடுக்க இருந்தோம். அதை விட்டுவிட்டு வேறு எதை எழுத?

ஐப்பசி மழை. எங்கள் சிவகாசிப் பக்கத்து வீடுகள் வெயிலுக்குப் பழகியவை. சேர்ந்தாற்போல் நாலு நாள் தூறினால் போதும் — சுவர் வியர்க்கும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், அப்பளம் துணி மாதிரி மடங்கும்.

மற்றவர்களுக்கு இது தொந்தரவு. எங்களுக்குப் பிழைப்பே போகும். வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிறோம். மெல்லிய மரச்சில்லை மடித்து, நீலத்தாளில் பசை தடவி ஒட்டி, காயவைத்துக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். காயாவிட்டால் பூஞ்சணம் பூத்துவிடும். பூத்த கூட்டைக் கம்பெனி தொடாது. மறுநாள் காலையில் லோடு ஏற்ற வண்டி வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூடுகளோ தொட்டால் விரலோடு வந்தன.

"மதினி, கரிச்சட்டிய உள்ள வச்சிருவமா?" என்றாள் செல்லக்கனி.

காகிதமும் மரச்சில்லும் குவிந்த அறையில் நெருப்பா?

"நான் பக்கத்துலயே இருக்கேன். கங்கு தெறிச்சா அமுக்கிருவேன். எதுக்கு இம்புட்டு பயப்படுதீக?"

ஜாக்கிரதையில் அவளைக் குறை சொல்ல முடியாது. கரியை அடுப்படியிலேயே புகையடங்கக் கனியவைத்தாள். சட்டிக்கு ஒரு பக்கம் மணல் வாளி, மறு பக்கம் தண்ணீர் வாளி. காற்றடித்துப் பொறி பறந்துவிடக் கூடாதே! ஜன்னலை இறுகச் சாத்தினாள். கதவையும் சாத்தி, கீழ் இடுக்கில் நனைந்த சாக்கை உள்ளிருந்து திணித்தாள்.

நான் வெளியே பசை கிண்டிக்கொண்டிருந்தேன்.

"ஏ செல்லக்கனி, உள்ளயே வெந்துறாத."

"வெந்தா சாம்பார்ல போட்டுருங்க மதினி. காய் வாங்குற செலவு மிச்சம்."

சிரித்தேன். கொஞ்சம் கழித்து, "தலை வலிக்கு மதினி" என்றாள்.

"காலையில இருந்து குனிஞ்சே இருக்க. காப்பி போடுதேன்."

"ம்..."

காப்பியோடு வந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. தூங்கிவிட்டாளா? நெருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செல்லக்கனி தூங்குவாளா? கதவு இடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தேன். தீய்ந்த வாசனை இல்லை. அப்பாடா என்று ஒரு நொடி நின்றுவிட்டேன்.

மறுபடி கூப்பிட்டேன். கதவைத் தள்ளினேன். சாக்கு பிடித்துக்கொண்டது.

என் குரல் என் வீட்டு முற்றத்தையே தாண்டாது. அன்று தெருவைத் தாண்டியது. பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் மழையில் ஓடி வந்தாள்.

"தீயா? எங்கன பிடிச்சிருக்கு?"

"தீ இல்ல! செல்லக்கனி பேச மாட்டேங்கா!"

இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளினோம். கூடுகளின் மேல் கன்னம் பதிய விழுந்து கிடந்தாள். கரிச்சட்டி சாதுவாகக் கனன்றுகொண்டிருந்தது. ஒரு பொறிகூட வெளியே விழவில்லை!

காலைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டோம். முகத்தில் மழை அடித்தது. கண் திறக்கவில்லை. சண்முகத்தாய் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். "ஏளா, மூச்சு விடு! மூச்சு விடுளா!"

பெரிதாக ஒரு மூச்சு. பிறகு வாந்தி. பிறகு கண்ணைத் திறந்து அவள் கேட்ட முதல் வார்த்தை —

"சட்டிய அணைச்சீகளா? தீப் பிடிச்சிறப் போகுது."

சண்முகத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "செத்துப் பொழச்சும் இவளுக்குத் தீ நெனப்புதான்! இந்தா, இவ மதினியப் பாரு. இத்தன வருசமா பக்கத்து வீட்ல இருக்கேன், இவளுக்குத் தொண்டை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

சண்முகத்தாய் ஓடிப் போய்க் கூட்டி வந்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நாடி பார்த்தார். "புகை இல்லேன்னாலும் கரிக்கங்கு விடுற காத்து விஷம்தாம்மா. அடைச்ச ரூம்ல ஆளைத் தூக்கிரும்" என்றார்.

யோசித்துப் பார்க்கிறேன். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? பாதி மழையில் வந்தது. மீதி? அதே அறைக்குள் ஈரச் சேலையைக் கொடியில் போட்டிருந்தோம். வாசலில் பசைக் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சாரலுக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்தி வைத்திருந்தோம். ஈரம் வெளியே போக வழி எங்கே? சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலே பாதி காய்ந்திருக்கும்.

எங்கள் ஊரில் நெருப்புக்கு மட்டும் பயப்படச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒரே பயத்தை இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டால், மற்ற ஆபத்துகள் முன்வாசல் வழியாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

மறுநாள் செல்லக்கனி எழுந்து கஞ்சி குடித்தாள். ஓடையில் தண்ணீர் பெருகியதால் லோடு ஏற்ற வண்டி வரவே இல்லை.