ஐந்தாம் பாகத்தை நான் ஒளித்துவைத்த ஒன்பது நாட்கள்

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு என் மகளுக்கு அவள் அத்தையிடமிருந்து போன் வரும். அத்தை என்றால் என் கணவரின் தங்கை. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறாள். வயது நாற்பது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துக் கோவில்பட்டிக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். வரும்போது பையில் மகளுக்கென்று ஒரு புத்தகமாவது இருக்கும்.

மகள் அப்போது எட்டாம் வகுப்பு. என்னோடு அவள் பேச்சு, சாப்பாடு வேண்டும், வேண்டாம், யூனிஃபார்ம் இன்னும் காயவில்லை என்ற அளவில் வந்து நின்றுவிட்ட வருஷம். அதே பிள்ளை அத்தையிடம் முக்கால் மணி நேரம் பேசும். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். நடுவில் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். போன் வந்ததும் குழாயைப் பாதியாகத் திருகிக்கொள்வேன், தண்ணீர் சத்தத்தில் எதுவும் விட்டுப்போகக் கூடாதே என்று.

அவர்கள் பேசியதெல்லாம் ஒரே கதையைப் பற்றி. சிறுவர்களுக்காக ஆங்கிலத்தில் பாகம் பாகமாக வந்துகொண்டிருந்த ஒரு தொடர். பூமியை எட்டுத் திசையிலும் யானைகள் தாங்கி நிற்பதாகப் புராணத்தில் வருகிறதே, அதை வைத்து எழுதியது. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சைக்கிள் கடைக்காரரின் மகள், பன்னிரண்டு வயதுக்காரி, ஒருநாள் தரையில் காதை வைத்துப் படுத்திருக்கும்போது கீழே யானைகள் பேசுவதைக் கேட்கிறாள். ஒரு யானை தன் திசையை விட்டு எங்கோ போய்விட்டது, அதைத் தேட வேண்டும். இப்படிப் போகும். மொத்தம் ஐந்து பாகம், நான்கு வந்திருந்தது.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். எங்கள் வீட்டுச் சுவரில் வசனக் காலண்டர்தான் தொங்கும். அதைச் சொல்லித்தான் முதலில் ஆட்சேபித்துப் பார்த்தேன். கதைதானே, படிக்கட்டும் என்று கணவர் சொல்லிவிட்டார். இந்த வயதில் என்ன பூதக்கதை என்று மகளைக் கிண்டல் செய்தும் பார்த்தேன். உண்மையான காரணம் எனக்கே தெரியும். என் பிள்ளையை இன்னொருத்தி பேசிப் பேசிக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று வயிறு எரிந்தது.

ஒருநாள் அத்தை போனில் என்னவோ கேட்டிருப்பாள் போல. மகள் சொன்னாள், "அம்மாவா? அவங்களுக்கு இதெல்லாம் புரியாது அத்தை."

அதைத் தாழ்த்திச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னாள். அதுதான் பொறுக்கவில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். பிறகு டிப்ளமோ பார்மசி. மருந்துப் பெயர்கள் எத்தனை நீளமாக இருந்தாலும் வாசித்துவிடுவேன், கதைப் புத்தகம் இங்கிலீஷில் படித்ததில்லை. பசுவந்தனை தாண்டி ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பஸ். மறுநாள் காலை மகள் பள்ளிக்குக் கிளம்பிய பின் அவள் அலமாரியிலிருந்து முதல் பாகத்தை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடுவோம் என்ற ஆங்காரம்தான்.

முதல் வாரம் படிப்பு நொண்டியடித்தது. பக்கத்துக்கு ஆறேழு சொற்கள் தெரியவில்லை. போனில் அர்த்தம் பார்த்து ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும் முன் ரப்பரால் அழித்துவிடுவேன். மகள் டியூஷன் முடிந்து ஆறு மணிக்கு வருவதற்குள் புத்தகம் அதன் இடத்தில் இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, என்ன டீச்சரா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

எட்டாவது அத்தியாயத்தில் ஒரு யானை அந்தச் சிறுமியோடு நேராகவே பேசத் தொடங்கியது. அன்று நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். புரட்டாசி மழை விழுந்து கரிசல் இளகிக் கிடந்தது. ரோட்டோரமாக நடந்ததில் செருப்பில் மண் அப்பி அப்பி ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனத்தது. வழியெல்லாம் உளுந்து விதைப்பு நடந்துகொண்டிருந்தது. இந்த மண்ணுக்கு அடியில் எந்த யானை நிற்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். தெற்கு யானையாகத்தான் இருக்கும். அதுதான் கதையில் எல்லாரோடும் கோபித்துக்கொண்டு திரும்பி நின்றது. நாற்பத்து நான்கு வயதில், மருந்து வாங்க வரிசை காத்திருக்கும்போது, இப்படி யோசித்துக்கொண்டு போகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அன்று சாயங்கால பஸ்ஸுக்காக நான் காத்திருந்த மாதிரி எதற்கும் காத்திருந்ததில்லை.

எங்கள் நிலையத்து ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், எனக்கு நெருக்கம். அவளிடம் திசை யானைகளைப் பற்றிக் கேட்டேன். தெரிந்ததைச் சொன்னாள். ஒவ்வொரு ஆண் யானைக்கும் ஒரு பெண் யானை துணை உண்டு என்றாள். பிறகு சந்தேகமாகப் பார்த்து, எதற்காகக் கேட்கிறீர்கள், உங்கள் பாஸ்டருக்குத் தெரியுமா என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம்.

இரண்டாம் பாகம் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. கதையில் ஆண் யானைகள் அவ்வப்போது தங்கள் இடத்தை விட்டுச் சண்டைக்குப் போய்விடுகின்றன. ஆனாலும் பூமி சரியவில்லை. அப்படியென்றால் அந்த நேரத்தில் தாங்குவது யார்? பெண் யானைகள்தான் என்று எனக்குப் பட்டது. அன்று ஏழு மணிக்குக் குழாயைத் திருகிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். மகள் சொன்ன பதில்களிலிருந்தே விளங்கியது, இருவரும் மந்திரக் கல் ஒன்று எங்கேயோ இருக்கிறது, அதுதான் தாங்குகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், அவளுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்கிறது. சந்தோஷம் தொண்டைவரை வந்தது. ஆனால் போய்ச் சொல்ல முடியாது. சொன்னால் திருட்டுத்தனமாகப் படித்தது தெரிந்துவிடும். ஈரக் கையோடு அடுப்படியில் நின்றேன். அவர்கள் தப்புத் தப்பாகப் பேசிச் சந்தோஷமாக இருந்தார்கள்.

மூன்றும் நான்கும் அப்படியே போயின. எனக்கு வேகம் வந்துவிட்டது. நான்காம் பாகத்தில் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறைதான் பென்சில் எடுத்தேன்.

ஐந்தாம் பாகம் வெளிவந்த வாரம் அத்தை எங்கள் வீட்டு விலாசத்துக்கு ஆர்டர் செய்திருந்தாள். முதலில் மகள் படிப்பது, பிறகு அவள் வாங்கிப்போவது என்று ஏற்பாடு. பார்சல் வந்த வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல், லீவு. வீட்டில் நான் மட்டும். கூரியர்காரர் ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், எங்கள் தெருவுக்குப் பழக்கமானவர். போனை நீட்டினார், விரலால் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

பிரித்தேன். அட்டையில் ஒரு பெண் யானையின் கண்.

மேஜையில் வைத்திருக்கலாம். வைத்திருந்தால் மகள் ஆறு மணிக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டே நாளில் முடித்து, ஏழு மணிக்கு அத்தையிடம் சொல்லியிருப்பாள். முடிவு என்ன என்பதைக் குழாயடியிலிருந்து நான் கேட்டிருப்பேன். அதை என்னால் தாங்க முடியவில்லை. புத்தகத்தைச் சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்தேன். பார்சல் அட்டையைக் கிழித்து அடுப்படிக் குப்பையில் போட்டேன்.

வந்ததா என்று மகள் கேட்டாள். இல்லை என்றேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன்.

ஏழு வேலை நாளில் படித்தேன். மருந்து ஸ்டோருக்குள் ஓஆர்எஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் உண்டு. கடைசி நாற்பது பக்கத்தை அங்கே உட்கார்ந்து சாப்பாட்டு இடைவேளையில் முடித்தேன். நான் நினைத்தது சரி. பெண் யானைகள்தான். ஆரம்பத்திலிருந்தே அவைதான் தாங்கி நின்றிருக்கின்றன. அந்தப் பக்கத்தை மூன்று முறை வாசித்தேன். நர்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள், அப்படியா என்றாள். அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்தை வாங்கிக்கொள்ளக்கூடிய இரண்டு பேரும் வேறிடத்தில், பார்சல் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை மதியம் நான் வேலை முடிந்து வந்தபோது அத்தை வந்திருந்தாள். போனில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று காட்டுவதாகச் சொன்னாள். முந்தின நாளே புகார் கொடுத்துவிட்டாளாம். என்னிடம் நேராகக் கேட்டாள், யாராவது தந்தார்களா மதினி என்று. இல்லையே என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

அரை மணி நேரத்தில் வாசலில் பைக் சத்தம். கூரியர்காரர். சட்டையெல்லாம் வியர்வை. வீட்டுக்குள் வரவில்லை, படியிலேயே நின்றார்.

"நான் உங்க கையிலதான தாயி குடுத்தேன்" என்றார் என்னைப் பார்த்து. "நீங்க வெரல வச்சிக் கையெழுத்துப் போட்டீங்கள்லா. இப்ப ஆபீஸ்ல என்னைய வேலைக்கு வராதங்காவ. ஒரு வார்த்த நீங்க சொல்லிட்டீங்கன்னா போதும்."

மகளும் அத்தையும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்ல அப்போதும் இடம் இருந்தது. மறந்துவிட்டேன், எங்கேயோ வைத்திருப்பேன், தேடித் தருகிறேன் என்றால் முடிந்தது. வாய் வரை வந்தது. அவர் தோளில் பை வார் அழுத்தி அழுத்திச் சட்டை அந்த இடத்தில் மட்டும் வெளுத்து நைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அண்ணாச்சி மேல ஒரு தப்பும் இல்ல. எங்கிட்டதான் இருக்கு. நாந்தான் ஒளிச்சி வச்சிருந்தேன்."

பையைத் திறந்து சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அடியிலிருந்த புத்தகத்தை எடுத்தேன். அட்டை ஓரத்தில் குழம்புக் கறை. மகள் வாங்கிப் புரட்டினாள். ஓரங்களில் என் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. இன்னும் அழிக்கவில்லை. 'திகைத்து'. 'துதிக்கை நுனி'. 'இடைவிடாமல்'.

"எனக்கு முன்னாலயே படிச்சிட்டீங்களா?" என்றாள் மகள். பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. புத்தகத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அத்தை அங்கேயே நின்று கூரியர் ஆபீசுக்குப் போன் போட்டுப் புகாரைத் திரும்ப வாங்கினாள். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். கேட் வரை கூடப் போய் மன்னிப்புக் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பைக்கை எடுத்தபடி, "ஒரு புஸ்தகத்துக்கா தாயி?" என்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அவர் இன்றும் எங்கள் தெருவுக்கு வருகிறார். எங்கள் வீட்டுப் பார்சலை நான் வாங்கினால் மட்டும் என்னையும் பார்சலையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறார்.

உள்ளே வந்தபோது அத்தை அடுப்படியில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள்.

"எப்பலருந்து படிக்கீங்க மதினி?"

"ஒண்ணாவதுலருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"நீ எங்கிட்ட கேட்டதே இல்லையே. அவகிட்டதான கேப்ப."

அவள் டீத்தூளைப் போட்டுக் கிளறினாள். பிறகு, முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள், நான் இன்னும் படிக்கவில்லை என்றாள். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவமானத்தில் காது சூடாகிக் கிடந்த அந்த நேரத்திலும் அந்த நினைப்பு இனித்தது. இப்போது யோசித்தாலும் அதற்காக வெட்கப்படுகிறேன், ஆனால் இனித்தது உண்மை.

மகள் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது ஷூ லேசைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல், மந்திரக் கல் கிடையாது என்று எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். இரண்டாம் பாகத்திலேயே என்றேன். பொய் என்றாள். யானைகள் சண்டைக்குப் போகும் அத்தியாயத்தைச் சொன்னேன். ஷூவைப் பாதியில் விட்டுவிட்டு அலமாரிக்குப் போய் இரண்டாம் பாகத்தை எடுத்துப் பார்த்தாள். ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. லேஸைக் கட்டாமலே ஓடினாள்.

அடுத்த முறை வந்தபோது புத்தகத்தை அத்தை எடுத்துப்போனாள். புதன்கிழமை ஏழு மணிக்குப் போன் வந்தது. மகள் எடுத்தாள், இரண்டு நிமிடம் பேசினாள், பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து என்னிடம் நீட்டினாள். அத்தை உங்களைத்தான் கேட்கிறார்கள் என்றாள்.

அத்தை கடைசி அத்தியாயத்தை முடித்த கையோடு கூப்பிட்டிருந்தாள். மேற்குப் பெண் யானை ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று கேட்டாள். எனக்கு அதில் ஒரு கருத்து இருந்தது. சொன்னேன். அவள் மறுத்தாள். நான் விடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். மகள் கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

"போதும்மா. அத்தை எனக்குத்தான போன் போட்டாவ. குடுங்க" என்றாள்.

அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு இன்னும் பத்து நிமிடம் பேசினேன்.