வால் கனம்

என் கணவர் ஒரு விமானம் கட்டினார். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை, சுங்காய் பக்கம் மூடிப்போன ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் வைத்து ஆறு வருடமாக ஒவ்வொன்றாகப் பொருத்தினார். எடை போடுவதுதான் பாக்கி என்ற வாரத்தில், வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து அவருடைய நண்பர் வந்தார். ஈப்போவில் விமானம் ஓட்டக் கற்றவர், எங்கள் இருவருக்கும் இளையவர். எடையாவது போட்டுப் பார்க்கலாம் என்றார். சரி என்றேன். அப்போது யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று சக்கரங்களுக்கும் கீழே தராசு வைத்து, முதலில் காலியாக எடை பார்த்தார். அடுத்து இருக்கையில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதால் நான் ஏறினேன். என் கணவருடைய காலுக்கு அளவெடுத்துப் பொருத்திய இருக்கை. மிதிகட்டை எனக்கு எட்டவில்லை. நண்பர் என் எடையைக் கேட்டு எழுதிக்கொண்டார். கணக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் இறங்கித் தனியாகத் தராசில் நிற்கச் சொன்னார். ஏழு கிலோ குறைந்திருந்தேன். எனக்கே தெரியாது.

“சாப்பிடுறீங்களா, அண்ணி?”

சாப்பிடுகிறேன் என்றேன்.

விமானத்துக்கு வால் பக்கம் கனம் அதிகம். அப்படியே பறந்தால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், இறக்குவது கஷ்டம் என்றார். இருக்கைக்குப் பின்னால் இருந்த பேட்டரியைக் கழற்றி எஞ்சின் பக்கம் மாட்டினோம். திரும்பவும் எடை போட்டோம். சரியாக வந்தது.

அனுமதி கிடைத்ததும் முதலில் நண்பர் மட்டும் பறந்தார். வலப்பக்கம் சாய்கிறது என்று சொல்லி, இறக்கையின் பின் ஓரத்திலிருந்த சின்னத் தகட்டைக் கையால் லேசாக வளைத்தார். பல தடவை பறந்து பார்த்த பிறகே என்னை ஏற்றிக்கொண்டார்.

மேலே போய்ச் சமமானதும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் புடிக்கல, அண்ணி. பாருங்க, அதுவே போகுதுலா. அண்ணே நல்லா கட்டியிருக்காரு.”

காற்றில் மூக்கு ஒருமுறை எழும்பியது, தாழ்ந்தது, பிறகு தானாகவே பழைய நிலைக்கு வந்தது. நான் அழுவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். கீழே செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமானத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தாமான் வீடுகளுக்கு மேலே பறக்கிறார். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். எப்போதாவது வெளியே வந்து பார்ப்பேன்.