மதில் இல்லாத பூங்கா

மலைமேல் உள்ள திண்ணனூர் நாட்டுக் கிராமம் ஒன்றில் இளமதியின் வீடு ஒரு சரிவின் தலைமாட்டில் இருந்தது. வாசலிலிருந்து கீழே படிப்படியாக இறங்கியது மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடு. அப்பா மாதனும் அம்மா ராக்கம்மாளும் பயிர் செய்து அவளைக் கட்டடக்கலை படிக்க வைத்தார்கள். அவள் அதற்குமேல் இன்னொரு படிப்பும் படித்து, பூங்காக்களையும் பொது இடங்களையும் வடிவமைக்கும் வேலைக்குப் போனாள். மகளுக்கு என்ன உத்தியோகம் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் ராக்கம்மாள், "டவுன்ல பார்க்கு கட்டறா" என்பாள். "தோட்ட வேலையா?" என்று கேட்டால் அடுப்பைப் பார்க்க எழுந்துவிடுவாள்.

கோயம்புத்தூர் அலுவலகத்தில் முதல் சில ஆண்டுகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் புல்வெளி வரைவதிலேயே போயின. பிறகு ஒரு சாலை முனையில் சின்னப் பூங்கா ஒன்று கிடைத்தது. படமெல்லாம் பத்திரிகையில் வந்தது. ஆனால் ஒரு கோடையில் அந்தப் பக்கம் போனவள், உள்ளே ஈ காக்கை இல்லாததைப் பார்த்தாள். வேலிக்கு வெளியே, சாக்கடை ஓரத்துப் புளியமர நிழலில் ஜனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும், காகிதத்தை எடுக்கும் முன் அங்கே மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள் என்றுதான் பார்த்தாள்.

தனியாக அலுவலகம் போட்டபின் வந்த முதல் பெரிய வேலை, அடிவாரத்துக்கு அப்பால் ஒரு நகரத்தின் பழைய லாரி ஸ்டாண்டு. மெயின் ரோட்டிலிருந்து சந்தைத் தெருவரை சரிந்து இறங்கும் பள்ளம் அது. மழை பெய்தால் சந்தைக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

"பள்ளத்துல மண்ணடிச்சு மட்டமாக்கி, சுத்தி மதில் எழுப்பி, நடுவுல ஒரு பவுண்டன் வெச்சுட்டா வேலை முடிஞ்சுதுங்க மேடம்" என்றார் நகராட்சிப் பொறியாளர் பூபதி.

"எங்க மலையில பள்ளத்த ரொப்ப மாட்டோமுங்க சார். படி வெட்டித்தான் வெள்ளாமை. இங்கயும் அப்படியே இறக்கலாமுங்க. ஒவ்வொரு படியோரமும் உக்கார்ற உசரத்துக்குக் கல்லு. கடைசிப் படி மழைத்தண்ணி நிக்கறதுக்கு. மதிலே வேண்டாமுங்க" என்றாள் இளமதி.

பூபதி சிரித்துவிட்டார். நகராட்சித் தலைவி கோகிலவாணி சிரிக்கவில்லை. "மதில் இல்லீன்னா இருட்டுனதுக்கப்புறம் பொம்பளைங்க எப்படி வந்து உக்காருவாங்க கண்ணு?" என்று கேட்டார்.

"மதில் இருந்தாத்தானுங்க உள்ள நடக்கறது வெளிய தெரியாது. இல்லீன்னா சந்தைத் தெருவே பார்த்துட்டு இருக்குமுங்களே."

கோகிலவாணி வரைபடத்தில் சந்தைத் தெருவை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஒரு வருசம் பார்க்கலாம். ஒரு புகார் வந்தாலும் மதில்தான்" என்றார்.

வேலை பாதி நடக்கும்போதே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் விடியற்காலையில் பூபதியிடமிருந்து போன். "உடனே கிளம்பி வாங்க மேடம்." அதற்குமேல் லைன் கிடைக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, கல்வரிசை சரிந்துவிட்டது என்றே இளமதி நினைத்தாள்.

போய்ப் பார்த்தால், பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பூபதி கல்மேல் நின்றிருந்தார். கடைசிப் படி குளம்போல் நிறைந்து கிடந்தது. அதற்கப்பால் சந்தைத் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. தக்காளிக் கூடைகளை இறக்கிவைத்து வியாபாரம் நடந்துகொண்டிருந்தது.

"நான் சொன்னாப்புல ரொப்பியிருந்தா, இத்தனை தண்ணியும் அந்தச் சனங்க தலையிலதானுங்க போயிருக்கும்" என்றார் பூபதி.

இளமதிக்குச் சந்தோஷத்தில் கத்தவேண்டும் போலிருந்தது. நனைந்துகொண்டே படிகளில் மேலும் கீழுமாக ஓடிப் பார்த்தாள். ஒரு கல்கூட அசையவில்லை. அதன்பிறகு யாராவது மதில் என்று வாயெடுத்தால் பூபதியே சண்டைக்குப் போனார்.

திறப்புவிழா அன்று மாதனும் ராக்கம்மாளும் மலையிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். மேடைப் பேச்சு முடிந்து பெரிய மனிதர்கள் போன பிறகுதான் கூட்டமே வந்தது. மூட்டை தூக்குபவர்கள் லாரி ஸ்டாண்டுக் காலத்து வேப்பமரத்தடியில் சாய்ந்தார்கள். கல்லூரிப் பெண்கள் மேல்படியில் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். ராக்கம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கீரைக்காரியிடம் பேச உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

மாதன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இத்தனை பேரையும் யாரு சாமி கூப்புட்டாங்க?"

"யாரும் கூப்பிடலீங்கப்பா. அவங்களா வந்து உக்காந்துக்கிட்டாங்க."

"அப்படீன்னா வேலை நல்லாத்தான் செஞ்சிருக்கற" என்றார் அவர்.

ஒரு வருடம் ஓடியது. மதில் வரவில்லை. பூங்காவைப் பார்த்துவிட்டு வேறு இரண்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு நதிக்கரை, ஒரு பஸ் ஸ்டாண்டு முகப்பு என்று வேலை பெருகியது. கடைசியில் மலையிலிருந்தே அழைப்பு வந்தது. வாசலூர்பட்டிப் படகுத்துறைப் பக்கம், டூரிஸ்டுகளின் வண்டிகளுக்கு நடுவே பழமும் மிளகும் விற்கும் பெண்களுக்கு நிற்கக்கூட இடமில்லை. அங்கே ஒரு பொது இடம் அமைக்க வேண்டும்.

இளமதி தம்பி அருளை டேப் பிடிக்கச் சொல்லி அளந்து, வண்டிகள் இதுவரை என்று தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டாள். மிளகு விற்கும் கண்ணாயி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கம்மிணி, இந்தப் பக்கம் பூராவும் எங்களுக்கா?"

"உங்களுக்குத்தானுங்க. வேலை முடிய ஆறேழு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் எதுக்கு நின்னுக்கிட்டு?" என்று கண்ணாயி கோட்டைத் தாண்டி வந்தாள். சாக்கை விரித்து மிளகைக் கொட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கூடைகளோடு வர, சற்றுநேரத்தில் ஒரு கார் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்றது. காரிலிருந்து இறங்கியவர், "மிளகு என்ன விலைம்மா?" என்று கேட்டார்.