பாறைமேல் படுத்திருந்த இருவர்

வ. புதுப்பட்டிக்காரன் ஞானராஜ் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பியது 1989இல். அங்கே அவன் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பராக இருந்தான் என்று ஊருக்குள் பரவியதும் டீக்கடையில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "எம்புட்டுப் பேரைச் சுட்டே?"

"சுட்டதைவிடப் பாத்ததுதான் அதிகம்" என்பான். மழுப்புகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆனால் உண்மை அதுதான். எல்லை மலையில் அவனும் ராஜபாளையத்து சுப்புராஜும் ஒரு ஜோடி. விடியுமுன்னே பாறை இடுக்கில் புகுந்து படுத்தால் இருட்டும்வரை அசையக் கூடாது. ஒருவன் தொலைநோக்கியில் பார்ப்பான், மற்றவன் துப்பாக்கியோடு கிடப்பான். கண் சோர்ந்தால் இல்லாததெல்லாம் தெரியும் என்பதால் அடிக்கடி மாறிக்கொள்வார்கள். எதிரே கோவேறு கழுதைகள் எந்தப் பாதையில் போகின்றன, புதிதாக எங்கே புகை எழுகிறது என்று பார்ப்பதெல்லாம் வயர்லெஸ்ஸில் கீழே போகும். ஒரு குண்டு வெடித்தால் போதும், இருக்கிற இடம் தெரிந்துவிடும். அதோடு பார்க்கிற வேலை முடிந்தது. வாரக்கணக்கில் விரல் விசைப்பக்கமே போனதில்லை.

ஊருக்கு வந்த ஞானராஜ் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் ராக்கப்பனின் தென்னந்தோப்புக்குக் காவலாளானான். சுப்புராஜ் ராஜபாளையத்தில் சிமென்ட் கடை போட்டான்.

தொண்ணூற்றொன்று கோடையில் ஒரு பெண்யானை குட்டியோடு தோப்புக்குள் இறங்கியது. மோட்டார் ரூமை இடித்தது. தண்ணீர் பாய்ச்சப் போன தோப்பு வேலையாள் ஐயாதுரையைத் தள்ளிவிட்டதில் அவனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாளே ராக்கப்பன் தன் நாட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஞானராஜ் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மிலிட்டரி, ஒரே வெடிதான். யாருக்கும் தெரியப்போறதில்ல."

ஞானராஜின் மனைவி ஜெயக்கொடி வாசலிலேயே நின்றாள். "ஜெயிலுக்குப் போறது இவிய. நீங்க இல்ல அண்ணாச்சி."

"மொதல்ல பாக்கணும். ரெண்டு மூணு நாள் குடுங்க" என்றான் ஞானராஜ்.

சொல்லியனுப்பியதும் சுப்புராஜ் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தான். தொந்தி விழுந்திருந்தது. தோப்புக்கு மேலே காற்று தங்கள் பக்கம் வீசுகிற பாறையாகப் பார்த்து இருவரும் படுத்தார்கள். துப்பாக்கிக்குப் பதிலாக வேட்டி மடியில் வறுகடலை. மற்றபடி எல்லாம் பழையபடிதான்.

யானை தென்னையைத் தொடவே இல்லை. நேராக மோட்டார் ரூம் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு வந்து தண்ணீர் குடித்தது. பிறகு சேற்றை அள்ளி அள்ளி இடது முன்காலில் அப்பியது. அந்தக் காலை ஊன்றவில்லை.

வெகுநேரம் பார்த்துவிட்டு சுப்புராஜ் தன் வீட்டுத் தெலுங்கில் கூப்பிட்டுத் தொலைநோக்கியை நீட்டினான். "ஏமிரா, முழங்காலுக்கு மேல பாரு."

வீங்கிய இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். சீழ் வடிந்துகொண்டிருந்தது. நாட்டுத் துப்பாக்கி ரவை பட்ட காயம். மலை ஏற முடியாமல்தான் அது கூட்டத்தை விட்டுத் தோப்போரம் தங்கிவிட்டது.

இறங்கிவந்து ஞானராஜ் கேட்டான். "அண்ணாச்சி, இதுக்கு முன்னாடி சுட்டீங்களா?"

ராக்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மாசியில ஒருநாள். வெரட்டத்தான் சுட்டேன்."

"ஃபாரஸ்ட்டுல நீங்களே போய்ச் சொல்லிருங்க. இல்லன்னா நான் சொல்லணும்."

ராக்கப்பன் போகவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஞானராஜே வனத்துறைச் சாவடிக்குப் போனான். துப்பாக்கி பறிமுதலாயிற்று, வழக்கும் வந்தது. ஞானராஜுக்குத் தோப்பு வேலை போயிற்று.

வனத்துறை கூட்டிவந்த கால்நடை டாக்டர் மருந்தை வெல்ல உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தார். யானை எந்த வழியில் வரும், எங்கே நின்று தின்னும் என்று காட்டியவர்கள் ஞானராஜும் சுப்புராஜும்தான். தின்றதா, வீக்கம் வற்றுகிறதா என்று தினமும் பாறையிலிருந்து பார்த்துச் சொன்னதும் இவர்கள்தான். முதல் மழை விழுந்த வாரம் நொண்டிக்கொண்டே அது மலை ஏறியது. குட்டி முன்னால் போனது.

"பொழச்சிருமா?" என்று கேட்டான் சுப்புராஜ்.

"தெரியல. ஏறிட்டுல்லா?"

ஐயாதுரை கடைசிவரை கம்பு ஊன்றித்தான் நடந்தான். ராக்கப்பன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடுத்த கோடையில் வனத்துறையில் ஞானராஜைக் காட்டுத்தீ கண்காணிக்கும் தற்காலிகத் தீக்காவலனாக எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் தோப்பில் வாங்கியதைவிடக் குறைவு. நாள் முழுக்க மலையில் பார்த்துக் கிடக்க வேண்டுமே என்று ஜெயக்கொடி காலையில் கூடுதலாக ஒரு தூக்குவாளி கஞ்சி கொடுத்தனுப்பினாள்.