பலகை குடித்த உப்பு

அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. வெள்ளைப் பட்டு நூலைக் கொதிக்கிற சாயத்தில் முக்கி எடுத்தே பழகியவர் என்பதால், எந்தப் பொருளை எதில் ஊறவைத்தாலும் அதன் குணத்தை வாங்கிக்கொள்ளும் என்று உறுதியாக நம்பினார். அந்த வாரம் அவர் கை இரண்டும் முழங்கை வரைக்கும் அரக்கு நிறம். அந்தக் கையோடுதான் எங்களுக்கு மீன் சுட்டுக் கொடுத்தார்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்குப் புற்றுநோய்; அவ்வப்போது சென்னை ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். முடியெல்லாம் கொட்டிவிட்டது. எதைத் தின்றாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பாள். தாளிக்கிற வாசனை வந்தாலே வாந்தி. நாக்குக்கு ருசி திரும்பினால் உடம்பு தேறி வருகிறது என்று அர்த்தம் என டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது, ருசி தெரிகிறதா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் அப்பா செருப்பை மாட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா, தெரிகிறது என்றாள். மீன் தின்ன வேண்டும் போல இருக்கிறது என்றும் சொன்னாள்.

அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. தாமல் ஏரிக்கே வண்டியை விட்டு விரால் வாங்கி வந்தார். எண்ணெய் வாசனை எழக்கூடாதே, அதற்கும் வழி கிடைத்தது. ஹோட்டலில் சமையல் வேலை பார்த்த சித்தப்பா, தண்ணீரில் ஊறிய பலகையைக் கரி நெருப்பின் மேல் வைத்து, அதில் மீனைப் பரப்பினால் எண்ணெயே இல்லாமல் வெந்துவிடும் என்று போனில் சொன்னார். தறி செய்கிற ஆசாரியிடம் போய் மாமரப் பலகை கேட்டார் அப்பா. மீன் சுட என்று சொல்லக் கூச்சப்பட்டு, உட்காருவதற்கு என்று சமாளித்தார். ஆசாரி, பாவம், குத்தக்கூடாது என்று நாலு மூலையையும் உருட்டி வழவழப்பாக இழைத்துக் கொடுத்தார்.

பலகையை அண்டாவில் ஊறப்போட்டு, அள்ளி அள்ளி உப்பைக் கொட்டினார் அப்பா. மீனுக்கோ மஞ்சளும் மிளகும் மட்டும்தான். உப்பு எங்கே என்று, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அத்தை கேட்டாள்.

"பட்டு சாயத்தைக் குடிக்கலையா? அந்த மாதிரிதாம்மா. பலகை இப்ப உப்பைக் குடிச்சிக்கினு இருக்குது. சூடு ஏறினா மீனுக்கு எறக்கிடும்."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே படுத்திருந்த அம்மா சிரித்தது எங்களுக்குக் கேட்டது. அவள் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

சாயங்காலம் மொட்டை மாடியில் கரி மூட்டினார்கள். அம்மாவைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். பலகையின் ஓரம் கருகி, புகையோடு நல்ல வாசனை வந்தது. அப்பா முள் நீக்கி அம்மா தட்டில் வைத்தார். எனக்கும் அத்தைக்கும் பிறகுதான். வாயில் போட்டால், பேருக்குக்கூட உப்பு இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை தொடையில் கிள்ளிவிட்டாள்.

அப்பாவும் ஒரு துண்டை வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"உப்பு இருக்குதா?"

"கரெக்டா இருக்குதுங்க. நீங்க சொன்ன மாதிரியே பலகை எறக்கிடுச்சி."

அப்பா தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டார். வையுங்கள் என்றாள். சிரித்த முகமாகத் தட்டைக் காலி செய்துவிட்டு, அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

நெருப்பை அணைக்கிறேன் என்று மாடியிலேயே நின்ற அப்பா, கரிந்த பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. பயந்துபோய், அம்மாதான் உப்பு சரியென்று சொல்லிவிட்டாளே, அப்புறம் எதற்கு அழுகிறாய் என்று கேட்டேன். அவர் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதார். தன் சமையல் சொதப்பியதை அம்மா காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டாளே, அந்த வெட்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பொங்கலுக்கு அம்மா இல்லை. அப்பாவுக்காக அவள் சொன்ன பொய் உப்பைப் பற்றியது அல்ல, அன்று காலையில் ருசி தெரிகிறது என்று சொன்னதுதான் எனப் புரிய எனக்கு மேலும் பல வருஷம் ஆனது.